முத்துக் கடற்கரைக் கல்லூரிகளில் திறமூலப் பண்பாடு

பல்கலைக்கழகத்தில் திறமூலம் இரண்டு வகையில் நடக்கிறது. பிறர் எழுதிய மென்பொருளை எடுத்துப் பயன்படுத்துவது ஒன்று. தன்னிடம் உருவானதைப் பிறர் எடுத்துத் திருத்தும்படி வெளியே வைப்பது மற்றொன்று. முதல் வகை தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெருமளவு நடந்துவிட்டது. நூலகப் பட்டியலுக்கு நியூசிலாந்தில் பிறந்த கோஹா, இணையவழி வகுப்புக்கு மூடுல், புள்ளியியலுக்கு ஆர், வரைபடத்துக்குக் க்யூஜிஐஎஸ் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கொள்கைப் பிடிப்பினால் வந்தவை குறைவு. உரிமக் கட்டணம் கிடையாது என்பதே பெரும்பாலும் காரணம். இரண்டாவது வகை இன்னும் அரிது. ஒரு துறையின் ஆய்வகம் முழுக்க லினக்ஸ் ஓடலாம், அந்தத் துறையிலிருந்து ஒரு வரி நிரல்கூட வெளியே போகாமலும் இருக்கலாம். ஆண்டுதோறும் லினக்ஸ் நிறுவல் விழா நடத்தி, படம் எடுத்து, அறிக்கையில் சேர்ப்பதால் இந்த நிலை மாறுவதில்லை.

தூத்துக்குடியில் இதற்கான பொருள் நிறைய உண்டு. அது சிதறிக் கிடக்கிறது. ஒரே வட்டாரத்தில் மூன்று பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் படிக்கிறார்கள். வ.உ.சி., காமராஜ், புனித மரியன்னை ஆகிய கலை அறிவியல் கல்லூரிகள் 1990இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பொறியியல் படிப்பு அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. 1977இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி, முதலில் வேளாண் பல்கலைக்கழகத்திலும் பிறகு கால்நடை அறிவியல் பல்கலைக்கழகத்திலும் இருந்துவிட்டு, 2012 முதல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் தனி. மீன்வள மாணவரிடம் தரவு இருக்கும், அதை ஒழுங்குபடுத்தும் நிரல் இருக்காது. பொறியியல் மாணவருக்கு நிரல் எழுத வரும், ஓட்டிப் பார்க்க உண்மையான தரவு கிடைக்காது. மீனவர் வழக்குச் சொற்களைத் திரட்டிய தமிழ்த்துறை ஆய்வேட்டின் பின்னிணைப்பு பைண்டு செய்யப்பட்டு அலமாரியில் நிற்கும். பாடத்திட்டம் வேறு, தேர்வுக் காலம் வேறு, அனுமதிக் கடிதம் போக வேண்டிய அலுவலகமும் வேறு என்பதால் இந்த மூன்று தரப்பினரும் சந்திக்க வாய்ப்பே ஏற்படுவதில்லை.

அறிவைப் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கடற்கரை ஒருமுறை நேரடியாகப் பார்த்திருக்கிறது. ஜப்பானில் மிகிமோட்டோ 1893இல் அரைக்கோள முத்தை வளர்த்தெடுத்து, 1896இல் காப்புரிமை பெற்றார். உருண்டை முத்துக்கான முறையும் அங்கேயே உருவானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் அந்த நுட்பம் நாட்டைவிட்டு வெளியே போகாதபடி ஜப்பான் கவனமாகக் காத்தது. மன்னார் வளைகுடாவின் பார்கள் எனப்படும் கடலடித் திட்டுகளிலோ சிப்பி குறைந்துகொண்டே வந்து, 1961உடன் தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு நின்றுபோனது. கே. அழகர்சுவாமி தலைமையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் தாங்களாகவே முயன்று, 1973 ஜூலையில் உருண்டை முத்தை எடுத்தார்கள். சிப்பியின் மேலுறைத் திசுவில் ஒரு துண்டை வெட்டி, உட்கருமணியோடு சேர்த்து இன்னொரு சிப்பிக்குள் வைக்கும் முறை அது. கத்தி பிடிக்கும் கோணம் வரை எல்லாவற்றையும் செய்துதான் கற்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே அழகர்சுவாமியின் கட்டுரை ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் வந்தது. 1981இல் பொரிப்பகத்திலேயே சிப்பிக் குஞ்சு உற்பத்தி செய்ய முடிந்தது. நுட்பம் நிறுவனத்துக்குள் அடைபட்டுவிடவில்லை. பயிற்சிகள் நடந்தன, 1987இல் முத்து வளர்ப்புக்கென்றே ஒரு தனி வெளியீடும் வந்தது.

இந்த எழுத்துகளைத் தேடி இன்று யாரும் நிறுவனத்தின் தலைமையிடமான கொச்சிக்குப் போக வேண்டியதில்லை. அதன் திறந்த களஞ்சியம் பழைய வெளியீடுகள் உட்படப் பெரும்பாலானவற்றை இலவசமாகத் தருகிறது. அது ஓடும் மென்பொருளான ஈபிரிண்ட்ஸ் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உருவான திறமூலம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013இல் திறந்த அணுக்கக் கொள்கையையும் அறிவித்தது. பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு, 2009ஆம் ஆண்டு யுஜிசி விதிகளுக்குப் பின் வளர்ந்த சோத்கங்கா உண்டு. அதுவும் டிஸ்பேஸ் என்ற திறமூல மென்பொருளில்தான் நிற்கிறது. ஆக, கட்டுரையையும் ஆய்வேட்டையும் திறந்து வைக்கும் பழக்கம் இங்கே வந்துவிட்டது. ஆனால் ஆய்வேட்டின் அட்டவணை படக்கோப்புக்குள் இருந்தால் அதை எடுத்துக் கணக்குப் போட முடியாது. கணக்குப் போட்ட நிரலோ எவருடைய பென்டிரைவிலோ இருக்கும். திறமூலப் பண்பாட்டுக்கான வேலை தொடங்க வேண்டிய இடம் இதுவே.

அரசு வழியில் நடந்த பெரிய முயற்சி 2005இல் தொடங்கியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து, மத்திய அரசின் ஆதரவில், கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. பொறியியல் பாடத்திட்டத்தில் விருப்பப் பாடங்கள் சேர்ந்தன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. சி-டாக் 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அதே பாஸ் இருந்தது. மாணவர்கள் பெரும்பாலும் விண்டோஸைத்தான் திறந்தார்கள். விருப்பப் பாடத்தின் கதி வேறு மாதிரியானது. பாடம் என்று ஆனதும் வினாத்தாள் வந்தது. வினாத்தாள் வந்ததும் கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்கள் மனப்பாடப் பகுதியாயின. அந்த விடையை நன்றாக எழுதித் தேறிய மாணவர் தம் நிரலுக்கு ஓர் உரிமத்தைத் தேர்ந்தெடுத்துக் கோப்பில் சேர்த்தது கிடையாது. பாடத்திட்டத்தால் அறிமுகம் கிடைக்கும். பழக்கம் அதற்கு வெளியே, ஆள் ஆளோடு பேசும் இடத்தில் உருவாக வேண்டும். சென்னையின் லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரத்தின் குழு, 2012 முதல் தமிழில் எழுதிவரும் கணியம் இதழ் போன்றவை இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியவை.

பழக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் எப்படி வேரூன்றும் என்பதற்கு மிக அருகிலுள்ள நல்ல எடுத்துக்காட்டு வளைகுடாவின் எதிர்க்கரையில் இருக்கிறது. கூகுளின் ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டம் 2005இல் தொடங்கியது. திறமூலத் திட்டம் ஒன்றுக்கு நிரல் எழுதும் மாணவருக்கு வழிகாட்டியும் உதவித்தொகையும் தரும் ஏற்பாடு அது. அதன் முதல் பத்தாண்டுக் கணக்கில் உலகத்திலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் இலங்கையின் மொறட்டுவை. பணக்காரப் பல்கலைக்கழகமும் அல்ல, பெரியதும் அல்ல. சஞ்சீவ வீரவாரண அங்கே பகுதிநேரமாகப் பாடம் எடுத்தார். அப்பாச்சி திட்டங்களில் உள்ளிருந்து வேலை செய்தவர் அவர். 2003இல் லங்கா மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். அப்பாச்சி ஆக்சிஸ்2 என்ற வலைச்சேவைக் கட்டமைப்பின் பெரும்பகுதி இலங்கையிலிருந்தே எழுதப்பட்டது. மாணவர்கள் பயிற்சிக் கணக்கு எழுதவில்லை, உலகம் பயன்படுத்தும் நிரலில் கை வைத்தார்கள். அவர்கள் அனுப்பிய திருத்தத்தை முன்பின் தெரியாத ஒருவர் படித்து, ‘இந்த வரி ஏன்?’ என்று கேட்டார். ஓர் அணி மாணவர் தேறியதும் அடுத்த அணிக்கு விண்ணப்பம் எழுத அவர்களே உதவினார்கள். மொறட்டுவையின் எண்ணிக்கை ஆண்டுதோறும் நிலைத்ததற்குப் பெரிய காரணம் இந்தச் சீனியர்–ஜூனியர் தொடர்ச்சிதான்.

அந்தச் சூழலின் மதிப்பு 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தெரிந்தது. இலங்கை குறுக்கே நின்றதால் தூத்துக்குடி ஆழிப்பேரலையிலிருந்து பெரும்பாலும் தப்பியது. இலங்கையின் கிழக்கு, தெற்குக் கடற்கரைகள் அழிந்தன. காணாமல் போனவர் பட்டியல், முகாம்களின் இருப்பிடம், எந்த முகாமுக்கு என்ன பொருள் போனது என்ற கணக்கு எதற்கும் ஒழுங்கான மென்பொருள் இல்லை. அறக்கட்டளையைச் சுற்றியிருந்த தன்னார்வலர்கள் சில வாரங்களில் சஹானா என்ற அமைப்பை எழுதி ஓடவிட்டார்கள். நிரல் திறந்திருந்ததால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் அதை எடுத்துத் தத்தம் தேவைக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. 2006ஆம் ஆண்டின் சமூகப் பயன் திட்டத்துக்கான விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. அலை அடித்த பிறகு இத்தகைய குழுவை உருவாக்க முடியாது. முன்பே சேர்ந்து நிரல் எழுதிப் பழகியவர்கள் இருந்ததால்தான் வேலை நடந்தது.

மேற்குக் கடற்கரையில் கோழிக்கோட்டுத் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2002இல் ஒரு மாணவர் தொடங்கிய சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங், எழுத்துரு, உள்ளீடு, மொழிபெயர்ப்பு என்று வளர்ந்தது. சொந்த மொழியின் குறையைத் தீர்ப்பது மாணவரை இழுக்கும் வலுவான தூண்டில் என்பதற்கு அது சான்று.

தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் இத்தகைய பழக்கத்தை வளர்க்க முனைபவர் முதலில் எதிர்கொள்வது இறுதியாண்டு ப்ராஜெக்ட். அருகிலுள்ள நகரங்களின் ப்ராஜெக்ட் சென்டர்களில் தலைப்பு, நிரல், அறிக்கை, வைவாவுக்கான விடைகள் எல்லாம் விலைக்குக் கிடைக்கும். வாங்கியவர் எவரும் நிரலை வெளியே வைக்க மாட்டார். அதே நிரல் வேறு மாவட்டத்தில் வேறு பெயரில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். தடை உத்தரவால் இது ஒழியாது. முதல் நாளிலிருந்து கிட் பதிவு காட்ட வேண்டும் என்ற ஒரே நிபந்தனை நன்றாக வேலை செய்கிறது. யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பது அதில் தெரியும். கடைசி வாரத்தில் ஒரே மூட்டையாக வந்து விழும் நிரல் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடும் ஆசிரியருக்கும் இது வேலையைக் குறைக்கிறது.

முதல் பங்களிப்பு நிரலாக இருக்க வேண்டியதில்லை. ஆவணத்தில் ஒரு பிழை, தமிழாக்கத்தில் ஒரு தவறு, நிறுவும் வழிமுறையில் விடுபட்ட ஒரு படி ஆகியவை போதும். நல்ல வழுவறிக்கை எழுதத் தெரிவது பாதித் தேர்ச்சி: என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எந்தப் பதிப்பு. ஐஐடி மும்பையின் ஃபாஸ்ஸி திட்டம் இதற்கு ஒரு படிக்கட்டு தருகிறது. பாடநூலின் எடுத்துக்காட்டுக் கணக்குகளைச் சைலேப் என்ற திறமூல மென்பொருளில் எழுதி அனுப்பினால், சரிபார்த்து வெளியிட்டு, மாணவருக்கு மதிப்பூதியமும் கொடுக்கிறார்கள். அதோடு தொடர்புடைய ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்கள் தமிழிலும் உள்ளன.

அடுத்த தடை மரியாதை. அயல்நாட்டுத் திட்டம் ஒன்றுக்கு எழுதும் முதல் மடல் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, இரண்டு பத்தி வாழ்த்துக்குப் பின் கேள்விக்கு வரும். எதிரில் இருப்பவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். இது எளிதில் சரியாகும். ஆசிரியரின் நிரலில் பிழை கண்ட மாணவர் அதைச் சொல்லாமல் இருப்பது எளிதில் சரியாகாது. ‘சார் எழுதியதில் எப்படி மேடம் தப்பு இருக்கும்?’ என்ற இடத்தில் மறுபார்வைப் பழக்கம் முளைக்காது. பலன் தந்த வழி ஒன்று உண்டு: ஆசிரியர் தம் நிரலையே முதலில் வகுப்பின் முன் வைத்து, திருத்தத்தை எழுத்தில் வாங்கி, சரியானதை ஏற்றுக்கொண்டு, திருத்தியவர் பெயரைப் பதிவில் விடுவது. ஒரு பருவத்தில் இரண்டு முறை இது நடந்தால் போதும், மூன்றாம் முறை மாணவர்கள் தங்கள் நிரலைத் தாங்களே எடுத்து வருவார்கள்.

எந்தத் திட்டத்தில் தொடங்குவது என்ற கேள்விக்கு இந்தக் கடற்கரையில் விடைக்குப் பஞ்சமில்லை. ஒரே மீன் சென்னையில் வஞ்சிரம், தூத்துக்குடியில் சீலா, குமரிப் பக்கம் நெய்மீன், இலங்கையில் அறக்குளா. அறிவியல் பெயர், ஊர்ப்பெயர், எந்த ஊரில் யாரிடம் கேட்டது, மீன் பிடிபட்ட வலை என்று நான்கைந்து நெடுவரிசைகளோடு ஓர் அட்டவணை தொடங்கினால் மூன்று பல்கலைக்கழக மாணவருக்கும் அதில் வேலை உண்டு. மீன்வள மாணவர் இனத்தை அடையாளம் காண்பார், தமிழ்த்துறை மாணவர் ஒலிப்பைச் சரியாக எழுதுவார், கணினி மாணவர் தேடுபொறி கட்டுவார். காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று கடலோடிகள் சொல்வதை ஐதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை அறிவிப்போடு இணைத்துத் தருவது இன்னொன்று. உப்பளத்தில் தண்ணீரின் செறிவு சுமார் 25 டிகிரி போமேயைத் தொடும்போது உப்பு படியத் தொடங்கும். அதை மானி கொண்டு நடந்து நடந்து பார்க்கிறார்கள். ஆர்டுயினோ பலகையும் உணரியும் கொண்டு இதைச் செய்து, சுற்றுப்படத்தையும் நிரலையும் வெளியிட்டால் வேதாரண்யத்திலும் அதை எடுத்துக்கொள்ளலாம். வெயிலும் உப்புக் காற்றும் மின்சுற்றை எத்தனை மாதத்தில் தின்னும் என்பதையும் அதே களஞ்சியத்தில் எழுதி வைக்க வேண்டும். தோற்றுப்போன வடிவமைப்பின் குறிப்பு அடுத்தவருக்கு மிகவும் உதவும்.

உரிமத்தில் கவனம் தேவை. ஃபிஷ்பேஸ் போன்ற பெரும் தரவுத்தளத்தைப் பார்க்கலாம், ஆனால் அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டை விலக்குகிறது. அங்கிருந்து அப்படியே எடுத்ததைத் தங்கள் அட்டவணையில் சேர்த்து முழுத் திறப்பு உரிமத்தில் வெளியிடக் கூடாது. தாங்களே கேட்டுத் திரட்டியதற்கு அந்தச் சிக்கல் இல்லை. ஹார்னெல் 1905இல் எழுதிய முத்துச் சிப்பி அறிக்கை, அதே பொருள் பற்றிய ஹெர்ட்மனின் 1903–1906 தொகுதிகள் ஆகியவை காலத்தால் பொதுவுடைமை ஆனவை. அவற்றின் அட்டவணைகளைத் தட்டச்சு செய்து கணினி படிக்கும் வடிவில் வைப்பது முதலாண்டு மாணவரும் செய்யக்கூடிய பயனுள்ள வேலை.

எல்லாவற்றையும் திறந்து வைப்பதும் தவறு. மீன் கிடைக்கும் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி ஒரு விசைப்படகுக்காரரின் பிழைப்பு. ஆய்வுக்குக் கொடுத்ததை வரைபடத்தில் போட்டால் அடுத்த முறை அவர் மாணவரைப் படகில் ஏற்ற மாட்டார், ஏற்றாததே நியாயம். சங்கு குளிப்பவர்கள் இறங்கும் இடங்களுக்கும் இது பொருந்தும். கடல் அட்டை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அது செறிந்து வாழும் இடத்தைத் துல்லியமாக வெளியிடுவது கடத்தலுக்குத் துணைபோவதாகும். ஐநேச்சுரலிஸ்ட் தளம் அருகிவரும் உயிரினங்களின் இருப்பிடத்தைத் தானாகவே மங்கலாக்கிக் காட்டுகிறது. அந்த முறையைக் கல்லூரித் தரவுக்கும் கைக்கொள்ளலாம்: துல்லியப் புள்ளி உள்ளே, பரந்த கட்டம் வெளியே. தகவல் தந்தவரிடம் என்ன வெளியாகும் என்பதைத் தமிழில் சொல்லி, முன்கூட்டியே இசைவு வாங்குவது முறை.

நிரல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அடிக்கடி எழும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பின் கீழ் வருகிறது. எழுதியவரே முதல் உரிமையாளர். வேலை ஒப்பந்தத்தின் கீழ் எழுதியது இதற்கு விலக்கு. மாணவர் ஊழியர் அல்லர் என்பதால் தம் நிரலுக்கு அவரே உரிமம் இடலாம். சம்பளம் வாங்கும் ஆசிரியரின் நிலை வேறு. அவர் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்வது பின்னாளில் வரும் தலைவலியைத் தவிர்க்கும். சிறு கருவிக்கு எம்.ஐ.டி. உரிமம் போதும், மாற்றி வெளியிடுபவரும் திறந்தே வைக்க வேண்டும் என்று விரும்பினால் ஜி.பி.எல்.; எழுத்துக்கும் தரவுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ். உரிமக் கோப்பே இல்லாத களஞ்சியத்தை எல்லாரும் பார்க்கலாம், யாரும் சட்டப்படி பயன்படுத்த முடியாது. கல்லூரிகளின் பொதுக் களஞ்சியங்களில் அதிகம் காணப்படும் குறை இது.

ஆசிரியருக்கு இதில் என்ன கிடைக்கும் என்பதுதான் கடினமான பகுதி. 2016 முதல் வரும் தேசியத் தரவரிசை ஆய்வுக் கட்டுரையையும் காப்புரிமையையும் எண்ணுகிறது. ஏற்கப்பட்ட நிரல் திருத்தத்துக்கு அங்கே கட்டம் இல்லை. காப்புரிமை வாங்கச் சொல்லும் சுற்றறிக்கையும் திறமூலக் கருத்தரங்கின் அழைப்பிதழும் ஒரே பலகையில் ஒட்டப்படுவதைப் பார்க்கலாம். இந்த அமைப்பை ஒரு துறையால் மாற்ற முடியாது, சுற்றிப் போக முடியும். செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்தும் செனோடோவில் தரவையோ நிரலையோ இட்டால் மேற்கோள் காட்டத்தக்க டி.ஓ.ஐ. எண் கிடைக்கும். 2016இல் தொடங்கிய திறமூல மென்பொருள் ஆய்விதழ், நிரலையும் அதன் ஆவணத்தையும் மதிப்பிட்டுச் சிறு கட்டுரையாக வெளியிடுகிறது. அது ஆசிரியரின் பட்டியலில் கட்டுரையாகவே சேரும். மாணவருக்கு அக மதிப்பெண்ணில் ஒரு பங்கை வெளித் திட்டம் ஏற்ற திருத்தத்துக்கு ஒதுக்கலாம். திருத்தத்தின் எண்ணிக்கையை அளவாக வைக்கக் கூடாது. வைத்தால் காற்புள்ளி மாற்றங்கள் குவிந்து திட்டக்காரர்களின் வெறுப்பைச் சம்பாதிக்கும்.

நிலைத்து நிற்பது சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. களஞ்சியம் ஒரு மாணவரின் சொந்தக் கணக்கில் இருந்தால், அவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனதும் அது உறைந்துவிடும். துறையின் பெயரில் கூட்டுக் கணக்கு, அதில் ஓர் ஆசிரியரும் இரண்டு ஆண்டு மாணவர்களும் நிர்வாகிகள், ஜூன் மாதத்தில் பெயர் மாற்றம் என்ற ஏற்பாடு போதுமானது. வாராந்தரக் கூட்டத்தைவிட மாதம் ஒருமுறை தவறாமல் கூடுவது நீடிக்கிறது. பருவத் தேர்வு நாட்களில் கூட்டம் வைக்க வேண்டாம். தொடர ஆளில்லாத திட்டத்தை அழிக்காமல், காப்பக நிலைக்கு மாற்றி, எந்த ஆண்டோடு நின்றது, எது ஓடும், எது ஓடாது என்று அறிமுகக் கோப்பின் முதல் வரிகளில் எழுதிவிட வேண்டும். பின்னால் வேறு கல்லூரி அதைக் கிளைத்து எடுத்துக்கொண்டால் பழைய உரிமமும் பங்களித்தவர் பட்டியலும் அதனோடு சேர்ந்தே போகும்.